ஐந்தாம் வினா, இரண்டு மதிப்பெண்

"வழியில் பணப்பை ஒன்று கிடக்கக் கண்டால்
என்ன செய்வாய்?"
நாற்பத்தொரு தாளில்
நாற்பது பேர் நேராகக் காவல் நிலையம் போய்விட்டார்கள்.
ஒப்படைப்பேன் ஒப்படைப்பேன் ஒப்படைப்பேன்.
சிவப்பு மையால் சரி போட்டுப் போட்டு
என் கை என்னைக் கேளாமலே போய்க்கொண்டிருந்தது.
விடைக்குறிப்பிலும் அதுதான்:
காவல் நிலையத்துக்கு ஒன்று, ஒப்படைப்பதற்கு ஒன்று.

ஆரம்பாக்கத்துப் பள்ளி.
சுவருக்கு அந்தப் பக்கம் கல்கத்தா போகிற சாலை.
லாரி போகும்போதெல்லாம் மேசையில் கண்ணாடி டம்ளர் நடுங்கும்.
நன்னெறித் தேர்வுக் கட்டில் கடைசித் தாள்
வே. பெஞ்சலய்யா, எட்டு ஆ.
ஐந்தாம் வினாவுக்கு விடை இல்லை.
அவனே ஒரு வினா கேட்டிருந்தான்.

"எந்த ஸ்டேஷன் டீச்சர்?

பை கெடந்தது 'நன்றி மீண்டும் வருக' போர்டுக்கும்
தெலுங்கு போர்டுக்கும் நடுவுல.
நம்ம ஸ்டேஷன்ல சொன்னேன்.
அது ஆந்திரா எல்லை, தடாவுல போய்க் குடுன்னாங்க.
தடாவுல தெலுங்குலதான் சொன்னேன்.
அரவப் பையன்தானே, உங்க ஊர்லயே குடுன்னாங்க.
எவ்ளோ இருக்குன்னு மட்டும்
ரெண்டு எடத்துலயும் கேட்டாங்க.
ஆயிரத்தி நாநூத்தி முப்பது றூபாய்.
ஒரு சின்னப் பொண்ணு போட்டோ.
ஒரியாவோ என்னமோ எழுதின சீட்டு, வட்டம் வட்டமா எழுத்து.
லாரிக்காரர் தேடி வருவார்னு
மூணு சாயங்காலம் பஞ்சர் கடைகிட்ட நின்னேன்.
இப்போ அது அரிசி டின்னுல, அடியில.
அம்மாவுக்குத் தெரியாது.
தெரிஞ்சா செலவாயிடும், தம்பிக்குக் காய்ச்சல்.
அரிசி கொறையக் கொறைய
பை மேல வந்துகிட்டே இருக்கு.
ஒப்படைப்பேன்னு எழுதினா ரெண்டு மார்க் வரும், தெரியும்.
ஆனா நான் இன்னும் ஒப்படைக்கல."

விடைக்குறிப்பை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.
அதில் அரிசி டின் இல்லை.
தம்பியின் காய்ச்சலுக்கு எத்தனை மதிப்பெண் என்றும் இல்லை.

தாள்கட்டின் அடியில் என் பயணப்படிப் படிவம்.
பேருந்துக் கட்டணம், போக வர, எழுபத்தாறு ரூபாய்.
நேற்றிரவே நிரப்பிக் கையெழுத்தும் போட்டாயிற்று.
காலையில் வந்ததோ
பிரமீளாவின் ஸ்கூட்டரில், பின்சீட்டில், காசில்லாமல்.
எல்லோரும் எழுதுவதுதான்.
எந்த ஸ்டேஷனும் என்னைக் கேட்கப் போவதில்லை.
எழுபத்தாறு ரூபாய் அப்படியொன்றும்
மேலே மிதந்து வருகிற தொகையும் இல்லை
என்றுதான் நேற்றுவரை நினைத்திருந்தேன்.

முழு மதிப்பெண் போட்டால்
ஒப்படைக்காதவனுக்கு ஏன் என்பார்கள்.
பூஜ்யம் போடப் பேனாவைக் கொண்டுபோனேன்.
மை இறங்கவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன்.
நன்றாகவே இறங்கும் பேனா அது.
நான்தான் மூடிவைத்தேன்.

பிரமீளா கைப்பையோடு வந்து நின்றாள்.
"முடிஞ்சுதா? இருட்டுக்குள்ள கிளம்பணும்."
"உனக்கு ஒரியா படிக்கத் தெரிஞ்ச யாரையாவது தெரியுமா?"
"தடா கம்பெனிப் பசங்க பாதிப் பேர் அந்த ஊர்தான்.
எங்க மாடியிலயே நாலு பேர் வாடகைக்கு இருக்காங்க.
எதுக்கு?"

படிவத்தை நான் கிழிக்கவில்லை,
அடிக்கவும் இல்லை. மடித்துப் பைக்குள் போட்டேன்.
அது ஒரு பக்கம் இருக்கட்டும்.
கடைசி மணி அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது.
வராந்தாவில் கரும்பலகை துடைக்கும் டஸ்டரைத்
தட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம்
எட்டு ஆ எந்தப் பக்கம் என்று கேட்டேன்.