மூச்சைப் பிடி

சோஹார். ஆகஸ்ட்.
ஐந்தே முக்காலுக்கே கேம்ப் பஸ்கள் வந்துவிடும்.
சட்டையைக் கழற்றிக் கையில் சுருட்டியபடி
நூற்றுப் பதினெட்டுப் பேர், விசா மெடிக்கல்.
எட்டு வருஷமாக நாலு பாஷையிலும்
எனக்கு மூன்றே சொல்:
இழு. பிடி. விடு.

அன்றைக்கு ஏசி ஓடவில்லை.
4417 என்று அடிக்க வேண்டிய இடத்தில்
4471 என்று அடித்தேன்.
நிஜமான 4471 வந்து நின்றபோது
'ஏற்கெனவே உள்ளது' என்றது திரை.
மிச்சமிருந்த எண்ணை அவருக்குக் கொடுத்தேன்.
வரிசை நீளம்.

பதினோராம் நாள் தேக் பகதூரை
விமானம் ஏற்றினார்கள், நுரையீரலில் நிழல் என்று.
கக்கத்தில் பிரிக்காத போர்வை,
விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை.
படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.
நிழலுக்கு மேலே காறை எலும்பு
முறிந்து, கோணலாகக் கூடியிருந்தது.

தேக் பகதூரின் தோள்கள் நேர்.

கோணல் தோளோடு
தினமும் பத்தரைக்கு எங்கள் மாடிக்கு
சாயா கொண்டுவருகிறவன் இஸ்ரஃபில்.
படியில் ஏறும்போதே இருமல் கேட்கும்.

திருத்தத்தான் போனேன் அந்த ராத்திரி.
லிஜிமோளின் பாஸ்வேர்டில்;
பிள்ளைக்குக் காய்ச்சலென்று ஒரு நாள் ஓடியபோது
அவளே சொல்லிவிட்டுப் போனது.
'மாற்றத்துக்குக் காரணம்?' என்று கேட்டது திரை.
கட்டத்துக்குள் கர்சர்
விட்டு விட்டுத் துடித்தது.
இரண்டு படத்தையும் அழித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மேலிடத்திலிருந்து இரண்டு பேர்.
லிஜிமோளை மட்டும் கூப்பிட்டார்கள்.
கண்ணாடிக் கதவுக்கு அப்பால்
அவள் கை அசைந்து அசைந்து எதையோ சொல்லிற்று.
ஒரு தடவை என் பக்கம் திரும்பினாள்.
நான் அடுத்த ஆளிடம் சொன்னேன்:
பிடி.

வியாழன் அவள் லாக்கரில் வேறு பூட்டு.

சாயா வருகிறது. குடிக்கிறேன்.
குடிக்காவிட்டால் ஏனென்று கேட்பார்கள்.
ராத்திரி எனக்கும் வறட்டு இருமல்.
தூசி என்கிறேன், அறையில் யாரும் கேட்காமலே.

இன்று என் விசா புதுப்பிப்பு.
என் மெஷின், என் தகடு. நெஞ்சில் பட்டால்
இவ்வளவு குளிரும் என்று தெரியாது.
லிஜிமோள் இடத்துக்கு வந்த பையன் எண்ணை அடிக்கிறான்,
ஒவ்வொன்றாக, வாய்விட்டுச் சொல்லி.
இழு என்றான்.
பிடி என்றான்.

உள்ளே போன் அடித்தது.
எடுத்தான்.
கேட்டுக்கொண்டே
கண்ணாடி வழியாக என்னைப் பார்க்கிறான்.