உள்புறம் வெளியே

அனுப்பானடி ஆட்டறுப்புக் கூடத்தில்
விடியுமுன் நிற்கிறேன், ஐஸ் பெட்டியோடு.
மைதீன் பிச்சை ஒரு விரல் நீளம் நறுக்கித் தருவார்,
காசு வாங்கமாட்டார்.
மிச்சக் குடலை மூங்கில் குச்சியில் ஏற்றி
சட்டைக் கையைப் புரட்டுவதுபோல
ஒரே இழுப்பில் உள்புறம் வெளியாக்கி
குழாயடியில் அலசுவார்.
“அழுக்கெல்லாம் உள்ளதாம்மா கெடக்கும்.”

ஷேர் ஆட்டோவில் பக்கத்துச் சீட்டுக்காரர் கேட்டார்:
பெட்டியில மீனா?
குடல்.
எத்தனை கிலோ?
ஒரு விரல்.
ஒரு ஆளுக்கே பத்தாதே என்று
தெப்பக்குளம் வரை வருத்தப்பட்டார்.

பத்தாதுதான்.
அதிலும், கழுவிக் கழுவி உதறி
குடல்சுவரின் குழிகளில் ஒளிந்த
குருத்துச் செல்களை மட்டும் பொறுக்கி
மிளகளவு கூழ்த்துளியில் பதிக்கிறேன்.
நாலாம் நாள் நுரைக்குமிழ்.
எட்டாம் நாள் குமிழில் மொட்டு.
வாய் கிடையாது, வால் கிடையாது,
ஆடே கிடையாது.
ஆனாலும் குடல்.

முப்பத்தொன்பது டிகிரிப் பெட்டியில் அது.
பக்கத்துப் பெட்டியில், முப்பத்தேழில்,
உசிலம்பட்டி ஒச்சம்மாளின் குடல்.
பெரியாஸ்பத்திரியில் டியூப் விட்டுப் பார்த்த அன்று
எள்ளளவு கிள்ளிக்கொள்ளவா என்று
நான் படிவத்தை வாசிக்க வாசிக்க
எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர்
கைநாட்டுக்கு முன்னால் ஒன்று கேட்டார்:
“அது சாப்பிடுமா?”

சாப்பிடும்.
ரெண்டு நாளைக்கு ஒருதரம், இளஞ்சிவப்புத் தண்ணி.
ஞாயிறு என்றால் அதற்குத் தெரியாது.
எதிர்சேவை அன்று தல்லாகுளத்தில் பஸ் நின்றுவிட
கூட்டத்துக்கு எதிரே நடந்தே வந்து ஊட்டினேன்.

கழிச்சலில் குட்டி செத்தால் பட்டியில் ஒரு கணக்கு.
பிள்ளை செத்தால் வேறு.
ஒட்டுண்ணிக்கு அந்த வித்தியாசமெல்லாம் இல்லை,
குடலின் உள்முகம் கிடைத்தால் போதும்.
என் குமிழ்களோ அந்த முகத்தை
உள்ளேயே பூட்டி வைத்திருந்தன.
கண்ணாடி ஊசியால் குத்திக் குத்தி
ஆறு மாதம் தோற்றேன்.

பிறகு கூழைக் கரைத்து
வெறும் திரவத்தில் மிதக்கவிட்டேன்.
(எங்கோ எவரோ முன்பே செய்து எழுதியிருக்கிறார்கள்.
எனக்கு முதலில் ஞாபகம் வந்தது மூங்கில் குச்சி.)
மூன்றாம் நாள்
யாரும் இழுக்காமலே புரண்டிருந்தன,
ஓரம் மினுங்க
உள்முகத்தை வெளியே காட்டிக்கொண்டு.

இன்று காலை ஒட்டுண்ணியை விட்டேன்,
ஆட்டுக்கும் ஆளுக்கும் ஒரே அளவு.

மதியம் மறுசோதனைக்கு வந்த ஒச்சம்மாள்
வராந்தாவில் என்னை அடையாளம் கண்டு
“நல்லாருக்கா?” என்றார்.

“நல்லாச் சாப்பிடுது” என்றேன்.