ஒன்பதாம் வாரக் கேள்வி

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில்
பலகையில் கேள்வியை எழுதிவிட்டு
மேம் போய்விடுவார்.
திங்கள் காலைக்குள் ஒரு பக்கம்.
மதிப்பெண் கிடையாது.
அதனால்தான் பயமாக இருந்தது.

முதல் வாரம்:
நீ படித்த பாட்டில் யார் குரல் கேட்கவில்லை?
தலைவி பேசுகிறாள், தோழி பேசுகிறாள்,
செவிலி ஊரெல்லாம் கேட்க அழுகிறாள்,
பேசாதவர் யாருமில்லை என்று எழுதினேன்.
நூர்ஜமீலா மட்டும்
தேரை இழுத்த குதிரை என்றாள்.
அந்த வாரம் முழுக்கக் குதிரை என்றே கூப்பிட்டோம்.
கோபித்துக்கொள்ளவில்லை.
கேன்டீன் வரிசையில் நின்று கனைத்துக் காட்டினாள்.

நான்காம் வாரமோ ஐந்தாம் வாரமோ,
உவமை ஒன்றைப் பிடித்து விசாரிக்கச் சொன்னார்.
காசிமேட்டு ரெக்ஸ்லின் எழுந்து வாசித்தான்:
"கயல் எங்கள் வலையில் விழாது, அது ஆற்று மீன்.
இருந்தாலும் கண் என்றால் எங்களுக்குத் தெரியும்.
ஏலத்தில் முதலில் பார்ப்பது கண்ணைத்தான்.
கலங்கியிருந்தால் முந்தாநாள் பிடித்தது.
இவள் கண் எந்த நாள் மீன்?"
வகுப்பே சிரித்தது.
நானும் சிரித்தபடி நோட்டை மூடினேன்.
என் பக்கத்தில் 'அழகு' ஏழு தடவை வந்திருந்தது.
அதில் ஐந்து
மூர் மார்க்கெட்டில் நாற்பது ரூபாய்க்கு வாங்கிய
உரைநூலுக்குச் சொந்தம்.

ஒன்பதாம் வாரம் பலகையில்
மூன்றே சொல்:
உன் திணை எது?

ரெக்ஸ்லினுக்குக் கவலையில்லை, வீட்டு வாசலில் கடல்.
பல்லாவரம் தணிகாசலம்
கல்குவாரிக் குட்டையைக் காட்டி
குறிஞ்சி என்று சத்தியம் செய்தான்.
செங்குன்றத்து மேகவர்ணா
வயலில் மனைக்கல் நட்ட பிறகும்
மருதத்தை விட்டுத்தரவில்லை.
உனக்கு என்றார்கள்.
பஸ் வந்துவிட்டது என்றேன்.

கூவம் கரையில் பிறந்தேன்.
ஒரு மழைக்குப் பிறகு லாரி வந்தது.
பெரும்பாக்கம், எட்டாவது மாடி.
லிஃப்டுக்குள் யாரோ சைக்கிள் நிறுத்தியிருக்கிறார்கள்,
அது ஓடாது என்பதால்.

ஞாயிறு இரவு மாடிப்படி விளக்கடியில்
நோட்டைத் திறந்தேன்.
உரைநூலைத் திறக்கவில்லை.
பாலைக்குத் தனி நிலம் கிடையாது,
வேறு நிலம் காய்ந்துபோய் ஆவது என்று
வகுப்பில் குறித்திருந்தேன்.
அதற்குக் கீழே
எங்கள் பிளாக் எண்ணை எழுதினேன்.

பொழுது: நண்பகல் என்கிறது இலக்கணம்.
எங்களுக்கு விடியற்காலை நான்கு மணி.
மரம்: எண் போட்ட தகடு கட்டியிருக்கிறது,
மரம் வரவில்லை.
பறவை: தண்ணீர்த் தொட்டி மேல் புறாக்கள்,
அவற்றை யாரும் எங்கிருந்தும் அப்புறப்படுத்தவில்லை.
உரிப்பொருள் என்று எழுதிவிட்டு
பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பொருள் தேடிப் பிரிவது
எல்லாப் பாட்டிலும் அவன்தான்.
வேலோடு போகிறான், சுரம் கடக்கிறான்.
எங்கள் வீட்டில்
டிபன் டப்பாவோடு போவது அம்மா,
எந்தத் தெருவிலிருந்து ஏற்றி அனுப்பினார்களோ
அதற்கு அடுத்த தெருவில் பாத்திரம் தேய்க்க.
இரண்டு பஸ் மாற வேண்டும்.

எப்போது எழுந்து வந்தாளோ,
படியில் எனக்கு மேலே உட்கார்ந்திருந்தாள்.
"என்னடி எழுதுற?"
சொன்னேன்.
போகிறவன், வெயில், காத்திருக்கிறவள்,
சுவரில் அவள் கோடு போட்டு நாள் எண்ணுவது.
கொட்டாவி விட்டபடி கேட்டாள்:
"போனவன் திரும்பி வந்தானா?"
பாட்டு அதைச் சொல்லவில்லை,
அதற்குள் முடிந்துவிடும் என்றேன்.

"நல்லா இருக்குது போ.
நான் ஏழு மணிக்கெல்லாம் வந்துடுவேன்.
குழம்பைச் சூடு பண்ணி வை."

உரிப்பொருள் என்ற சொல்லுக்கு எதிரே
அதை அப்படியே எழுதினேன்,
குழம்பு உட்பட.
பக்கத்தில் இன்னும் நான்கு வரிக்கு இடமிருந்தது.
அம்மா அதற்குள் உள்ளே போய்
அலாரம் வைக்கும் சத்தம் கேட்டது.