ஆளுநரின் வலக்கை

தேர்தல் மேடையில் அந்தக் கையைத்தான்
முதலில் தூக்கிக் காட்டுவார் அசாஹெல் பிரிங்கில்.
மர ஆலை ரம்பம் தின்றது போக
மிச்சம் மூன்று விரல்.
"எண்ணிக்கொள்ளுங்கள்" என்பார்.
பைன் பிசின் மணக்கும் கூட்டம்
தொப்பிகளை வானத்தில் எறியும்.
எழுபத்தொன்றாம் வருஷம்
எண்ணித்தான் போட்டார்கள் வாக்குகளை.

முதல் குளிர்காலம் பள்ளிக்கூடங்கள்.
அடுத்ததில் ஒரு பாலம்;
கூடவே, சத்தமில்லாமல்,
ரயில் கம்பெனிக்கு ஆற்றங்கரை முழுதும்.

மூன்றாம் வருஷம் அதே பழைய ஆலையில்
பத்து மணி நேர வேலை போதுமென்று
ரம்பங்களை நிறுத்தினார்கள்.
தந்தி வந்தது.
பட்டாளம் புறப்பட ஒரு கையெழுத்து.
மூன்று விரலே போதுமானதாயிருந்தது.

ஹிராம் டோலி, பத்தொன்பது வயது.
மற்ற நால்வர் பெயரும்
செய்தித்தாளில் எழுத்துப்பிழையோடு.

பதவி முடிந்ததும் என்னெதிரே உட்கார்ந்தார், படத்துக்கு.
நாற்காலி, சட்டப் புத்தகம், கடிகாரச் சங்கிலி,
தாடியின் நரைகூடச் சரியாக வந்தது.
"கையைக் கோட்டுக்குள் வைத்துவிடுங்கள்"
என்றார், ஜன்னலைப் பார்த்தபடி.
வைத்தேன்.
நாற்பது டாலர்.

அரசு மாளிகைப் படிக்கட்டில் தொங்குகிறது படம்.
ஆலைக்காரர் எவரேனும் வந்தால்
அவர் கண் முகத்தைக் கடந்து இறங்கி
மூன்றாம் பொத்தானில் நிற்கிறது.

அந்த இடத்தில்
கறுப்பைக் கொஞ்சம் அதிகமாகவே
பூசியிருந்தேன்.