குரல் பதிவுக்குப் பதில்

நேத்து ராவு நீங்க அனுப்பின
நாலு நிமிசக் குரல் பதிவ
விடியத் தண்ணிச் சட்டி கழுவக்குள்ள கேட்டன்.
மூணே முக்கால் நிமிசம் புறா.
மிச்சம் காத்து.

சரி, இஞ்சாருங்க, சொல்றன்.

சோளத்தக் குறைச்சிட்டன்.
தோஹாவில இருந்து பார்த்தாத் தெரியா,
மருதமுனையில சித்திர வெக்கை,
மனிசருக்கே சோறு இறங்குதில்ல.
நெல்லு ரெண்டு பங்கு, பயறு ஒண்டு,
குரக்கன் ஒரு கையளவு.
அதுவும் சுளகில புடைச்சு,
பூஞ்சணம் மணக்குதா எண்டு
மூக்குக்கிட்ட பிடிச்சுப் பார்த்துத்தான்.
போன கிழமை நிஸ்தார் கடைப் பயறில
பச்சை படிஞ்சிருந்திச்சு.
திருப்பிக் கொண்டுபோய்க் கொட்டினன்,
அவர்ர தராசுத் தட்டிலயே.
"புறாவுக்குத்தானே" எண்டார்.
"ஓம், புறாவுக்குத்தான்" எண்டன்.

கொழும்பில இருந்து வாற கிறிட் பக்கெற்ற
நான் வாங்கல்ல.
சம்ஹாவும் நானும் கடக்கரைக்குப் போய்
சிப்பி பொறுக்கினோம்.
கழுவி, காய வெச்சு, சாக்குக்குள்ள போட்டு,
உங்கட சுத்தியலால அடிச்சு நொறுக்கி
செங்கல் தூளும் அடுப்புக்கரியும்
ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்தாச்சு.
இப்ப முட்டைய எடுத்தா
விரல் பட்டுப் பொத்துப் போகுதில்ல.
(சுத்தியல்ர பிடி கழண்டிட்டு. அது வேற கதை.)

மறுகா, அந்தக் கர்ணப்புறா.

பெட்டைய மரநாய் கொண்டுபோன அண்டைக்கு
குஞ்சு ரெண்டுக்கும் ஆறு நாள்.
கண் அப்பதான் விட்டிருந்திச்சு.
நீங்க சொன்னீங்க:
"தாயில்லாமத் தப்பா. விடு."
விட ஒண்ணாமப் போச்சு.
கம்பி வலைர மூலையக் கட்டிப்போட்டு
பெட்டிக்குப் பக்கத்தில குந்தியிருந்தன்.

ஒவ்வொரு நாளும் பகல் பத்துக்கு அடைய ஏறி
அசர் பாங்கோட இறங்குற ஆண்
அண்டைக்கு இறங்கல்ல.
மஃரிப் ஆச்சு, இஷா ஆச்சு.
இருட்டில ரெண்டு சொண்டையும்
தன்ர வாய்க்குள்ள வாங்கி
கழுத்த உதறி உதறி
மேலுக்குக் கொண்டுவந்து குடுத்திச்சு.
தயிர்க்கட்டி மாதிரி, மஞ்சள்.
ஆணுக்கும் பால் ஊறும்.
இவ்வளவு காலம் புறா வளர்த்தீங்களே,
இத ஒருநாளும் எனக்குச் சொல்லல்லையே.
தெரியாதா?

சின்னதுக்கு மட்டும் அது காணல்ல.
பாமசியில சிறிஞ்ச் வாங்கி
முனையில சைக்கிள் வால்வு றப்பர் கொளுவி
பயத்தம் மாவ இளஞ்சூட்டில கரைச்சு
மணிக்கட்டில ஒரு சொட்டு விட்டுப் பார்த்தன்,
சம்ஹாட பால் போத்தலுக்குப் பார்த்த
அதே இடத்தில.
அப்பவும் நீங்க அங்கதான்.

பை நிறைஞ்சா நிப்பாட்டணும்.
தொட்டுப் பார்த்தா மெதுவா இருக்கணும்,
இறுகப்படாது.
முந்தினது செமிக்க முன்னம்
அடுத்தது குடுக்கப்படாது.
இதெல்லாம் ஆரும் சொல்லித் தரல்ல,
ஒருக்காப் பிழைச்சுப்போய்ப் படிச்சன்.
அண்டு ராவு முழுக்க அது மூச்சிழுத்த சத்தத்த
கேட்டுக்கொண்டே இருந்தன்.

எட்டாம் நாள் காலுக்கு வளையம் போட்டாச்சு.
பெரியதுக்கு நீங்க சொன்ன நம்பர்.
சின்னதுக்கு நான் நினைச்ச நம்பர்.
கேக்காதீங்க.

வீடியோ கேட்டிருந்தீங்க. அனுப்புவன்,
ஃபோன சம்ஹா தந்தா.
சாய்ந்தமருதுக்காரர் ஹோமர் சோடிக்கு
ஒம்பதாயிரம் சொல்றார்.
பதினொண்டுக்குக் குறையக் குடுக்க மாட்டன் எண்டிட்டன்.
உங்களக் கேக்காமத்தான்.

இப்ப ஒவ்வொரு ராவும் படுக்க முன்னம்
கூட்டுப் பலகையில காது வெச்சுக் கேப்பன்.
சளி கட்டினா தொண்டையில ஒரு கறகறப்பு வரும்,
பகலில, இரைச்சலுக்குள்ள, அது பிடிபடாது.
அந்தப் பழக்கத்திலதான்
உங்கட பதிவ மறுகாவும் போட்டுக் கேட்டன்,
கடைசியில வாற காத்த மட்டும்.

அதுக்குள்ள ஆரோ இருமுறாங்க.
ரெண்டு தரம்.

நீங்களா,
பக்கத்துக் கட்டில்காரரா?

அடுத்த பதிவில புறாவ விடுங்க.
அதச் சொல்லுங்க.