ஆள் வருவார்

பன்னிரண்டு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவன் நான்.
மூடும் கதவுக்கு நடுவே கை நீண்டால்
திறந்துகொள்ள வேண்டும்.
மனிதரைப் பற்றி ஒரு லிஃப்டுக்குத் தெரிந்தது அவ்வளவே.
அதுவே போதுமென்று இருந்துவிட்டேன்.

இப்போது செவ்வாயும் வியாழனும்
உட்லண்ட்ஸில் இரவு வகுப்பு.
ஃபஸ்லினா, வெய் ஷெங், நான்,
மூவருமாகத் திரைக்குள் ஓர் உணவங்காடி கட்டினோம்.
வாடகை இல்லை, வரிசை இல்லை,
வறுத்த பெலாச்சான் நெடி இல்லை.
நாற்பது மேசையும் நூல் பிடித்தாற்போல் நேர்கோட்டில்.
எங்கள் ரோபோ அங்கேதான் தட்டெடுக்கப் பழகியது.

முதல் இரவில்
ஒன்பதாயிரம் தட்டுகளைக் கவிழ்த்தது.
ஒன்றும் உடையவில்லை, ஒருவரும் திட்டவில்லை.
நாங்கள் கடைசி ரயிலைப் பிடித்துப் போய்த் தூங்கினோம்.
அது விடிய விடியக் கவிழ்த்துக்கொண்டிருந்தது.
காலையில் வந்து பார்த்தால்
கை நடுங்காமல் அடுக்கி வைத்திருக்கிறது.

"ரொம்பச் சுத்தம், அதுதான் பயமாக இருக்கிறது" என்றான் வெய் ஷெங்.
எனவே கெடுக்கத் தொடங்கினோம்.
தரையில் தண்ணீர் ஊற்றினோம்.
மேசைகளைக் கோணலாக்கினோம்.
ஐந்து மணி வெயிலைச் சாய்த்து அதன் கண்ணிலேயே அடித்தோம்.
ஃபஸ்லினா மைனாக்களைச் செய்தாள்,
கண்ணைச் சுற்றிய மஞ்சளைக்கூட மறக்காமல்.
ஆறு நாளில் உலகைப் படைத்தானாம் ஒருவன்;
எங்களுக்கு அதைக் கெடுக்கவே ஏழு வாரம் பிடித்தது.

ஈசூனில், ஒரு புதன்கிழமை,
பன்னிரண்டே காலுக்கு நிஜத்தில் இறக்கினோம்.
ஈரத்தைக் கண்டு நிதானித்தது.
மைனாவுக்கு வழிவிட்டது
(மைனாதான் விடவில்லை, மேலேறிச் சவாரி போனது).
நான்கு தே-ஓ தம்ளர்களைச் சிந்தாமல் கொண்டு சேர்த்தது.
நான் செல்பேசியில் படமெடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் மேசையில்
பிரிக்காத டிஷ்யூ பொட்டலம் ஒன்று.
நின்றது. பார்த்தது. எடுத்தது.
மிகுந்த பொறுப்போடு குப்பையில் போட்டது.

கழுத்தில் அலுவலக அட்டை, கையில் மீ சியாம்,
திரும்பி வந்த பெண்ணின் நாற்காலியில்
வேறொருவர் பாதிச் சோறு தின்றிருந்தார்.
அவள் ரோபோவைத் திட்டவில்லை,
என்னைத்தான்.

பட்டுக்கோட்டை பஸ் ஜன்னலுக்குள்
துண்டெறிந்து இடம் பிடித்தவன்,
எனக்கல்லவா முதலில் தோன்றியிருக்க வேண்டும்!
கசங்கிக் கிடந்தால் குப்பை.
மடங்கி இருந்தால் மனிதர்.
தாள் என்னவோ ஒரே தாள்தான்.

மூவாயிரத்து இருநூறு படங்கள் சேர்த்தோம்.
குடை, பெயரட்டை, சாவிக்கொத்து,
யாரோ விட்டுப்போன மூக்குக்கண்ணாடி.
ஒவ்வொன்றையும் சுற்றிப் பச்சைக் கட்டம் போட்டு
உள்ளே தட்டச்சினேன்:
ஆள்.
ஆள்.
ஆள்.
மூன்றாம் இரவில் என் கண்ணுக்கும்
அப்படியே தெரிய ஆரம்பித்தது.
ரயிலில் காலி இருக்கைமேல் ஒரு செய்தித்தாள்.
வீடு வரை நின்றுகொண்டே வந்தேன்.

அடுத்த வாரம் மறுபடி ஈசூன்.
ஒன்றையும் தொட்டுக் கெடுக்கவில்லை.
இரவு பத்தரை. கடைகள் ஷட்டரை இழுத்தாயிற்று.
ரோபோ மட்டும் மின்னேற்ற மூலைக்குத் திரும்பவில்லை.

பதினேழாம் மேசை முன்னால் நிற்கிறது.
மேசையில் ஒரு பொட்டலம், உள்ளே இரண்டே தாள்.
கை பாதி உயர்ந்து
அப்படியே நிற்கிறது.
பேட்டரி பதினெட்டு சதவீதம். பதினேழு.
துப்புரவுப் பணியாளர் ரொஹாயா
அதன் சக்கரங்களைச் சுற்றித் தரை துடைத்துப் போகிறார்.

எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டுமென்று
நான் எழுதவே இல்லை.

"இருபது நிமிடம் போடவா?" என்கிறாள் ஃபஸ்லினா.
லிஃப்ட் கதவுக்கு மூன்று விநாடி; அது தெரியும்.
இதற்கு எத்தனை?

திரும்பி வந்த ரொஹாயா பொட்டலத்தை எடுத்தார்,
ஒரு தாளால் கழுத்தைத் துடைத்தார்,
மற்றதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.
ரோபோ கையைத் தாழ்த்தியது,
மேசையைத் துடைத்தது,
மூலைக்குப் போனது.

இருபது என்றே எழுதினேன்.
இன்னும் சேமிக்கவில்லை.