ஐந்தாம் கட்டம்

கன்னத்தின் உட்புறம்
வெள்ளை நூல் ஓடியிருக்கிறது என்றார் நஸ்ரின் டாக்டர்.
விளக்கைச் சாய்த்து, கண்ணாடியில் காட்டினார்.
கிழிந்த வலை ஒரு முழம்
என் வாய்க்குள் காய்ந்துகொண்டிருந்தது.

வெற்றிலையா? இல்லை.
புகையிலை? இல்லை.
பாம்பன் மருந்துக்கடையில் தந்த மஞ்சள் மாத்திரை
முப்பது தின்றாயிற்று.
புற்று என்றாள் நாத்தனார், குரலைத் தாழ்த்தாமலே.
பாசி பறித்து எழும்போது
வாய்க்குள் புகும் ஒரு மடக்குக் கடல்
இடப்பக்கம் மட்டும் தீயாய்ப் பற்றும்.
அங்கேதான் உறைப்பல்.
போன ஐப்பசியில் போட்டது, தவணையில்.

டாக்டர் பல்லைக் கேட்கவில்லை. காதைக் கேட்டார்.
கவரிங் தோடு போட்டால் நீர் வடியுமா?
வடியும்.
ஊக்கு படுகிற இடம்?
இத்தனை வருடம் இருட்டில் சொரிந்ததை
ஒருவர் வெளிச்சத்தில் கேட்டார்.

ராமநாதபுரத்தில், தோல் டாக்டரிடம்,
முதுகில் பத்துக் கட்டம் ஒட்டிக்கொண்டேன்.
கட்டத்துக்கு ஓர் உலோகம், கடுகளவு.
இரண்டு நாள் குளிக்கக் கூடாது.
கடலில் இறங்கக் கூடாது.
வேர்க்கக் கூடாது.
பல்லைக் காட்டும் பங்குனி வெயிலில்,
சின்னப்பாலத்தில்,
கரண்டு போன மதியத்தில்.

நீர் வற்றும் நாள் பார்த்து
மற்றவர்கள் தீவுப் பக்கம் போய்விட்டார்கள்.
நான் குப்புறக் கிடந்தேன்.
களஞ்சியம் விசிறியபடி கணக்குப் பேசினார்:
ஒரு நாளைக்கு இத்தனை கிலோ, இரண்டு நாளைக்கு இத்தனை.
விசிறியபடியே தூங்கிப்போனார்.
முதுகில் ஒரு மூலை மட்டும்
எறும்பாய் எழுந்து நடந்தது.
கையைத் தொடைக்கடியில் வைத்துப் படுத்தேன்.

நான்காம் நாள்
பட்டை உரித்த இடத்தில் பேனா எண்கள்.
தங்கம் பேசவில்லை.
பாதரசம், கோபால்ட், பேசவில்லை.
ஐந்தில், நிக்கல்,
சிவந்து தடித்து முத்து முத்தாய் நீர் கோத்திருந்தது.
செல்போனில் படம் பிடித்துக் காட்டினார்கள்.
என் முதுகை நான் பார்த்தது அன்றுதான்.

'இது முதுகு சொல்வது' என்றார் நஸ்ரின் டாக்டர்.
'வாயும் சொல்லட்டும். கழற்றிவிட்டுப் பார்ப்போம்.
நம்புவள்ளி, ஆ காட்டுங்க.'

உறையைக் காகிதத்தில் மடித்துத் தந்தார்கள்.
என்ன தேறும் என்று
களஞ்சியம் உள்ளங்கையில் எடை பார்த்தார்.
இப்போது அங்கே ஒரு பிளாஸ்டிக் தொப்பி.
பீங்கான் பல்லுக்கு இனித்தான் சீட்டு எடுக்கணும்.

ஆனி பிறந்தபோது நூல் மங்கியிருந்தது,
முழுக்க இல்லை.
படகில் ஈரத்துணி மாற்றும்போது
இருளாயி கேட்டாள்:
'முதுகுல என்னடி, முத்திரையா?'
பதில் சொல்லவில்லை.
ஒரு வாய்க் கடலை
இடப்பக்கமாய் ஒதுக்கி வைத்திருந்தேன்,
எரிகிறதா என்று.